மறுசோறு

போன மாதம் என் தம்பி மகள் என்னை கே.கே. நகரில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போனாள். பஃபேயாம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஆனால் தட்டை நாமே ஏந்திக்கொண்டு வரிசையில் நின்று, மூடியை நாமே திறந்து, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். "அடிப்பாவி, இதுக்கு நான் வீட்லயே சாப்பிட்டிருப்பேனே" என்றேன். "அத்தை, மெதுவாப் பேசுங்க" என்று என் கையைப் பிடித்தாள். நான் மெதுவாகப் பேசிப் பழகாதவள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சாப்பாட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வகை பிரியாணி, நூடுல்ஸ், பனீர், கண்ணாடிக் குவளைகளில் இனிப்பு என்று ஒரு சுவர் நீளத்துக்கு வைத்திருந்தார்கள். பக்கத்து மேஜையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே, மூன்று தரம் எழுந்துபோய் வாங்கிவந்து நிதானமாகச் சாப்பிட்டாள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஹோட்டலிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அவள் வயதில் நான் ஒருவேளைச் சோறு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஒரு கடையையே கலக்க வேண்டியிருந்தது.

எழுபதுகளில் மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம் வாத்தியார் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். கோச்சடையில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். இருந்தோம் என்று பேருக்குத்தான். வாரத்தில் ஐந்து நாள் நான் மட்டும்தான் இருந்தேன்.

அப்போது நான் மூன்றாவது தடவையாக உண்டாகியிருந்தேன். முதல் இரண்டும் நான்கு மாதம் தாண்டவில்லை. டாக்டரம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்ல. வெளுத்துப்போய்க் கெடக்க. ஒழுங்காச் சாப்பிடாட்டி இதுவும் தங்காது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நான் என்ன சாப்பிட மாட்டேன்னா சொல்றேன்? சாப்பிட்டா நிக்க மாட்டேங்குதே டாக்டர்" என்று கத்திவிட்டேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஸ்டவ்வைப் பற்றவைத்தால் மண்ணெண்ணெய் வாடைக்கே குமட்டும். உலை கொதித்தால் ஓடிப்போய் வாந்தி எடுப்பேன். நான் சமைத்ததை என்னால் சாப்பிட முடியவில்லை. ஆத்தா வந்து பார்த்துக்கொள்ள வழியில்லை. உசிலம்பட்டிப் பக்கத்து ஊரில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். வீட்டுச் சொந்தக்காரம்மா இரண்டு நாள் கஞ்சி கொடுத்துப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு பத்து நாள் ஆபீஸ் போனேன்.

ஒருநாள் மதியம் தபால் பெட்டியில் கடிதம் போட்டுவிட்டு ஒரு சந்து வழியாகத் திரும்பும்போது ரச வாசனை வந்தது. மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட ரசம். வாரக்கணக்கில் மரத்துப்போயிருந்த வயிற்றில் பசி என்று ஒன்று எழும்பியது. வாசனை வந்த கடையின் வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. யோசிக்காமல் உள்ளே நுழைந்துவிட்டேன்.

உள்ளே அத்தனை பேரும் ஆண்கள். கடைவீதிக்காரர்கள், கோர்ட்டுக்கு வந்த கிராமத்து ஆட்கள், லாரி ஆபீஸ் ஆட்கள். ஒருவர் கையும் வாயும் ஓய்வதாகத் தெரியவில்லை. சோற்றைக் குவித்துக் குழி தோண்டி, சாம்பாரை அதில் ஊற்றச்சொல்லி, கரை உடைவதற்குள் பிசைந்து, "அண்ணே, இங்கிட்டு மறுசோறு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் மதுரைக்கு ஒரு வேலையாக வருகிறவர்கள் முதலில் எந்தக் கடையில் சாப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். காலையில் வீட்டில் பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்து, ஒரு பந்தியில் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். இன்னாருக்கு இவ்வளவுதான் என்று சோற்றுக்குக் கணக்கு வைப்பதைக் கேவலமாக நினைத்த காலம் அது.

ஆனால் அதெல்லாம் ஆண்களுக்கு. கல்லாவில் இருந்த முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேமிலி ரூம் பேமிலியா வாரவுகளுக்குத்தேன். கூட ஆரு வாரா?" என்றார்.

"ஆரும் வரல."

"அப்ப இங்கிட்டு ஒக்கார முடியாதே."

"ஏன், நான் ஒருத்தியா வந்தா பேமிலி இல்லையா? இல்ல, எனக்கு மட்டும் வயிறு இல்லையா?" என்றேன். கூடத்தில் பிசைந்துகொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை.

சாம்பார் வாளியோடு நின்ற சப்ளையர் ஒருவர் அதைக் கீழே வைத்தார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். "விடுங்க மொதலாளி. நீங்க வாங்க தாயி" என்று முன்னால் நடந்து, பலகைத் தடுப்புக்கு அப்பால் பச்சைத் திரையை ஒதுக்கிவிட்டார். இரண்டே மேஜை. ஒன்றில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்றில் எனக்கு இலை விழுந்தது.

சாம்பார் வாளி திரைக்குள் வந்ததும் அந்த வாடைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் பார்த்தார். வாளியை வெளியே தள்ளிவிட்டு, "ரசத்துல ஆரம்பிங்க தாயி" என்றார். பந்தியில் ரசத்தை முதலில் கேட்டால் ஊரே சிரிக்கும். அவர் அதை ஊரில் இல்லாத வழக்கம் போலச் செய்யாமல், எப்போதும் செய்வது போலச் செய்தார். ஒரு கரண்டி சோறு, அதன் மேல் தெளிவாக ரசம். அது உள்ளே போனது. நின்றது. எனக்கே நம்பிக்கையில்லை.

பக்கத்து மேஜையில் இருந்த அம்மா முதல் சோற்றோடு இலையை மடித்தார். அவர் மகளும் மடித்தாள். அந்த வீட்டு ஆண்கள் மூன்றாவது சோறு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் பசித்தது. ஆனால் என் கை தானாகப் போய் இலையை மடித்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, கடைசியில் ஆத்தாவும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு பசிக்கிறது என்று முடிவுசெய்வோம். எனக்கு ஒருவர் சோறு போட்டு, நான் உட்கார்ந்து சாப்பிட்டது அதற்கு முன் கல்யாணப் பந்திகளில் மட்டும்தான்.

சப்ளையர் மோரோடு வந்தவர் இலையைப் பார்த்தார்.

"என்ன தாயி, மடக்கிட்டீக?"

"போதும்ணே."

"போதும்னா சரி. போதலைன்னா அதத் தொறங்க. மடக்குன எலைய நான் தொறக்கக் கூடாது, அது மொறையில்ல. நீங்க தொறந்தா நான் பாட்டுக்குப் போடுவேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

மடக்கிய இலையை நான் அதற்கு முன் திறந்ததில்லை. யாரும் திறந்து பார்த்ததும் இல்லை. ஒரு நிமிஷம் இருந்துவிட்டுத் திறந்தேன். "தொறந்துட்டேண்ணே" என்றேன். அவர் திரும்பி, எதுவும் நடக்காதது போல் சோறு போட்டார். அன்றைக்கு மூன்று தரம் வாங்கினேன். வீட்டுக்குப் போகிற வரைக்கும் பயந்துகொண்டே போனேன். வாந்தி வரவில்லை. இராத்திரி அசந்து தூங்கினேன்.

அப்புறம் தினமும் ஒரு மணிக்கு நான் அங்கே இருந்தேன். முதலாளி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் விட்டுவிட்டார். சப்ளையர் அண்ணனோ என் வயிற்றைப் படித்துவிட்டார். சாம்பார் வாளிக்காரரைத் திரைப் பக்கமே விடமாட்டார். பொரியலில் தேங்காய் வாடை எனக்கு ஆகவில்லையென்றால் மறுநாள் தேங்காய் போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருப்பார். கீரை வைத்த நாளில், "இத ரெண்டு தரம் வாங்குனாத்தேன் எழுந்திரிக்க விடுவேன்" என்று அதட்டுவார். நான் சும்மா இருப்பேனா? "ரசத்துல உப்பு போடுறதுக்கு உங்க மொதலாளி கணக்குப் பாக்குறாரா?" என்பேன். "தாயி, ஒங்க வாய்க்கு உப்பு எதுக்கு" என்பார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

நான்காம் மாதம் தாண்டியது. அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம். ஆனால் ஒரு பாயசம் கூடுதலாக வாங்கிக் குடித்தேன். டாக்டரம்மா கண்ணை இழுத்துப் பார்த்து, "ம், இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்க. இப்படியே சாப்பிடு, விட்டுறாத" என்றார்.

விடத்தான் வேண்டியிருந்தது. மழை தப்பிய வருஷம் அது. வைகையில் மணல்தான் ஓடியது. கடைகளில் அரிசி கிடைக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் விடியற்காலையிலேயே கல்லை வைத்து இடம் பிடித்தார்கள். ஒருநாள் நான் போகும்போது வாசலில் கரும்பலகை அழிக்கப்பட்டிருந்தது. 'அளவுச் சாப்பாடு மட்டும்' என்று புதிதாக எழுதியிருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் சோற்றை அமுக்கி இலையில் கவிழ்ப்பார்கள். அதோடு சரி. ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன். காசு கொடுத்தாலும் இரண்டாவது கிடையாது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு வேண்டுமே.

அந்தக் கிண்ணம் என் பாதி வயிற்றுக்குக்கூடக் காணாது. எனக்கு அப்போது ஆறாம் மாதம். நேராகக் கல்லாவுக்குப் போனேன். "மொதலாளி, நான் இப்ப ஒரு ஆளு இல்ல. பாத்தாலே தெரியுதுல்ல? எனக்கு எப்படி ஒரு கிண்ணம் பத்தும்?" என்றேன்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? அரிசி எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, இந்த வாசல்லயே வந்து ஒக்காந்துருவேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு டோக்கன்களை எண்ண ஆரம்பித்தார். நான் விடுவிடுவென்று திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காத தைரியத்தில் அழுதேன். வயிற்றில் பிள்ளை புரண்டது. பசிக்கிறது என்று அதுவும் புரளுவதாகவே எனக்குப் பட்டது.

சப்ளையர் அண்ணன் வந்து இலை போட்டார். கிண்ணத்தைக் கவிழ்த்தார். ரசம் ஊற்றினார். நான் தலை நிமிரவில்லை. போனவர் திரும்பி வந்து, எனக்கு எதிரில், ஆள் இல்லாத இடத்தில் இன்னொரு இலை போட்டார். அதில் கரண்டி கரண்டியாகச் சோறு.

"இது ஆருக்குண்ணே?"

"பேமிலி ரூம்ல ரெண்டு எலை போடுறதுதான தாயி வழக்கம். ஒத்த எலை போட்டா நல்லாவா இருக்கும்? சாப்புடுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. கல்லாவில் நான் போட்ட சத்தத்துக்கு முதலாளி இறங்கிவந்துவிட்டார், அதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாமல் இப்படி ஒரு சாக்கு வைத்துக் கொடுத்தனுப்புகிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். முதல் இலையை முடித்துவிட்டு, எதிர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து இரண்டாவது இலையையும் சாப்பிட்டேன். சனிக்கிழமை வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். "நீ அந்த ஆளப் போட்ட போட்டுல கடையையே எழுதிக் குடுத்திருப்பாரு" என்று அவர் சிரித்தார்.

அப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. ஒன்பதாம் மாதம் ஆத்தா வீட்டுக்குப் போனேன். அங்கே எனக்குப் பெண் பிறந்தது. தொண்டையைக் கேட்டதும் ஆத்தாவே, "அம்மாவக் கொண்டுருக்கு" என்றார். என்னைவிடச் சத்தமாக அழுதது. நான் அதை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, இல்லாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

மூன்று மாதப் பிள்ளையோடு மதுரைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தக் கடைக்குத்தான் போனேன். பந்தி முடிந்து ஓய்ந்திருந்த நேரம். மழை பெய்து, அரிசி வந்து, பலகையில் மறுபடியும் 'அளவில்லாச் சாப்பாடு' ஏறியிருந்தது. இப்போது நினைத்தால் அதுவே கடைசிச் சுற்று. எண்பதுகள் பாதி தாண்டுவதற்குள் ஊர் முழுக்கக் கிண்ணமும் தட்டும் வந்துவிட்டன. கரும்பலகையில் அந்த வார்த்தையை எழுத ஆளில்லாமல் போயிற்று.

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க தாயி, வாங்க" என்று அவரும் தாயி போட ஆரம்பித்துவிட்டார். சப்ளையர் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிள்ளையைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? முதலாளியைப் பார்த்து, "எல்லாம் சரி மொதலாளி. ஆனா ஒருநா ரெண்டாவது எலையில சோத்தக் கொறச்சு அனுப்புனீகளே, அத மறக்க மாட்டேன்" என்றேன். உண்மைதான். எட்டாம் மாதத்தில் ஒருநாள் அந்த இலையில் சோறு கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் குறைந்திருந்தது. அன்றைக்குத் திரையை இழுத்துத் தள்ளிவிட்டு, "புள்ளத்தாச்சி சோத்துலயும் கை வைக்கிறீகளா? இது அடுக்குமா?" என்று கூடமே கேட்கக் கத்தினேன். சப்ளையர் அண்ணன், "நாளைக்குச் சரியாயிரும் தாயி" என்று மட்டும் சொன்னார். மறுநாள் சரியாகத்தான் இருந்தது.

"நான் எங்க தாயி அனுப்புனேன்?" என்றார் முதலாளி. "நான் ஒரு ஆளுக்கு ஒரு கிண்ணந்தேன்னு சொன்னவன். கடையில வேலை பாக்குறவுகளுக்கே அப்ப அதே ஒரு கிண்ணந்தேன்."

"மொதலாளி, விடுங்களேன்" என்றார் சப்ளையர் அண்ணன்.

"நீ சும்மா இருய்யா. பின்கட்டுல எட்டுப் பேரு தாயி. இவன் போய்ச் சொல்லியிருக்கான். ஆளுக்கு ஒரு கரண்டி அவுகவுக சோத்துல எடுத்து ஒங்க எலையில போட்டாக. எனக்கே பத்து நாக் கழிச்சுத்தேன் தெரியும். நீங்க சத்தம் போட்டீகளே, அன்னைக்கு ரெண்டு பேரு வேலைக்கு வரல. ஆறு கரண்டிதேன் இருந்துச்சு."

வாழ்க்கையில் எனக்கு வாய் அடைத்துப்போனது அன்றைக்குத்தான். சப்ளையர் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பச்சப் புள்ளைக்கு வேர்க்குது பாருங்க, காத்தாடிக்குக் கீழ ஒக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கூடத்தைக் கடந்து, நான் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத பின்கட்டுக்குப் போனேன்.

அவர்கள் அப்போதுதான் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சரக்கு மாஸ்டர், சாம்பார் வாளிக்காரர், இலை எடுக்கிறவர், தண்ணீர் கொண்டுவருகிறவர், மாவு ஆட்டுகிற அம்மா. நான் போய் நடுவில் நின்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்து வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து கை கழுவி, வேட்டியிலும் முந்தானையிலும் துடைத்துவிட்டு வந்து பிள்ளையை வாங்கிப் பார்த்தார்கள். அது ஒவ்வொரு கையாக மாறி எல்லோரிடமும் போயிற்று. நான் கத்திய நாளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடைசியாக வாங்கிய மாவாட்டுகிற அம்மா பிள்ளையின் தொடையைப் பிடித்துப் பார்த்து, "நல்லாத் தேறியிருக்கே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சாப்புட்டியா தாயி?" என்று கேட்டுக்கொண்டே, தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இலையை எடுத்துப் போட்டார்.